தண்டுக்குப் பூசிய திருநீறு

காரைப் பதிக்கிறது என்று ஒரு வேலை இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற காரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டு, வயிறு தரையைத் தொடுமோ தொடாதோ என்கிற அளவுக்குக் காரை இறக்குவது. அப்படிச் செய்தால் வடிவு கூடுமாம். என் கணவர் நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் இதைச் செய்தார். ஒரு சனிக்கிழமை ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று பஞ்சிகாவத்தைக் கார்ச் சாமான் கடைகளுக்குப் போனவர், பின்னேரம் திரும்பி வந்தபோது கார் முழந்தாளில் நின்றது. "வடிவாய் இருக்கெல்லே?" என்று கேட்டார். "கார் இருக்கு. சில்லுகளை எங்க ஒளிச்சுப்போட்டீங்கள்?" என்றேன். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் பயணங்களின் போக்கே மாறிவிட்டது. கொழும்பில் சந்து, ஒழுங்கை ஒன்று விடாமல் வீதியின் குறுக்கே மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மேட்டைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார்கள். நாங்கள் மேட்டைக் கண்டால் காரைக் கோணலாகத் திருப்பி, நண்டு மாதிரி ஒவ்வொரு சில்லாக ஏற்றி இறக்குவோம். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடிக்கும். முச்சக்கரவண்டிக்காரர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் எங்கள் பரம்பரையை விசாரிப்பார். நான் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டிருப்பேன். கணவர் மட்டும் பூசைக்கு நிற்கிறவரைப்போலச் சாந்தமாக இருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "இதுக்கு இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்" என்றேன் ஒரு நாள். "தள்ளினாலும் மேட்டில கோணலாத்தான் தள்ள வேணும்" என்றார்.

என் பக்கம் நின்று சண்டை பிடிக்க அம்மா வருவார் என்று நம்பியிருந்தேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், வெள்ளவத்தையில், கடல் தெரியாத ஆனால் கடல்காற்றின் துரு மட்டும் தவறாமல் வருகிற ஒரு ஃபிளாட்டில். அவர் உயரத்தில் நல்ல கட்டை. அதோடு உடம்பும் கொஞ்சம் கூட, முழங்காலில் நோவும் உண்டு. சொந்தக்காரர்களின் வான் வண்டியில் அவரை ஏற்றுவதென்றால் காஸ் சிலிண்டர் ஏற்றுகிற மாதிரி, ஒருவர் மேலே நின்று இழுக்க ஒருவர் கீழே நின்று தாங்கவேண்டும். அந்த அம்மா, பதித்த காரின் கதவைத் திறந்து, சும்மா கதிரையில் இருக்கிற மாதிரி முன்சீட்டில் இருந்தார். இருந்தபடியே காலை வெளியே நீட்டிப் பார்த்தார். செருப்பு நிலத்தில் பட்டது. "இதுதான் பிள்ளை மனிசர் ஏறுற கார்" என்றார். மருமகன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அன்றோடு வீட்டில் நான் சிறுபான்மையாகிப்போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். அங்கே அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போய் இருப்போம். பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைக்கிறவர்கள்தான். ஆனால் ஆட்களை முழுமையாகக் கிழித்துத் தொங்கப்போடுவதற்கு நேரில் இருந்தால்தான் சரிவரும் என்பது அவர்களின் கொள்கை. அம்மாவுக்குக் கிழமையில் இருக்கிற ஒரே பயணம் அதுதான். வியாழக்கிழமையே சீலையை எடுத்து வைத்துவிடுவார்.

அந்தப் பயணத்துக்கு என் கணவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எங்கள் கேற்றுக்கும் வீதிக்கும் நடுவே ஒரு மழைத்தண்ணீர்க் கான் ஓடுகிறது. கானுக்கு மேலே கொங்கிரீட் சிலாப் போட்டிருக்கிறது. சிலாப்பிலிருந்து வீதிக்கு ஒரு படியளவு இறக்கம். முழங்கால் நோவோடு அம்மா அதில் இறங்கக்கூடாது என்பதற்காக, இவர் முதலே போய் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து காரை எடுத்து, ஒடுக்கமான அந்த ஒழுங்கையில் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பி, இடப்பக்கத்துச் சில்லைச் சிலாப்பின் மேல் ஏற்றி நிற்பாட்டுவார். நானும் அம்மாவும் லிஃப்டில் இறங்கி வரும்போது கதவு அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். தனியே இருக்கும்வரை கார் கண்ணாடி அதிரப் பாட்டுப் போட்டிருப்பார். அம்மாவைக் கண்டதும் நிற்பாட்டிவிடுவார். கொட்டாஞ்சேனையிலும் இதே மரியாதை. பெரியம்மா வீட்டு வாசலிலும் அதே மாதிரி ஒரு சிலாப் இருக்கிறது. மாமியை இப்படித் தாங்குகிற மருமகன் வெள்ளவத்தையில் வேறு இல்லை என்று எங்கள் ஃபிளாட்டில் பேர். என்னைத்தான் ஒரு நாளும் சிலாப்பில் ஏற்றி இறக்கியதில்லை.

இப்படி இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா ஏறிக் கதவைச் சாத்தி, கார் எங்கள் வாசலை விட்டு நகர்ந்ததும் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கர்ர்ர் என்று, தேங்காய் துருவும்போது சிரட்டையில் பட்டுவிட்ட மாதிரி. பிறகு இல்லை. காலி வீதி என்கிற பெருந்தெரு முழுக்க இல்லை, கோட்டையைக் கடந்து போகும்போதும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நிற்கும்போது திரும்ப ஒரு கர்ர்ர். பெரியம்மா கேற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"என்னடி, உன்ர பாரம் தாங்கேலாமல் கார் அழுகுது" என்றார்.

அம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பெரியம்மா அதை உள்ளே போய் ஒருக்கா, தேத்தண்ணி குடிக்கும்போது ஒருக்கா, பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது ஒருக்கா என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். திரும்பி வர ஏறினபோதும் கார் அழுதது.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். இடையில் கணவர் வேலைக்கென்று கந்தோருக்குக் காரில் போய் வந்தார், சத்தம் இல்லை. என்னை முன்சீட்டில் இருத்திப் பம்பலப்பிட்டி வரைக்கும் ஓடிப் பார்த்தார், சத்தம் இல்லை. அம்மா ஏறினால் மட்டும் சத்தம். நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் பெரியம்மாவின் முடிவுக்குத்தான் வந்திருந்தேன்.

பிறகு அம்மா வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டேன் என்று சொல்லத் தொடங்கினார். முதல் கிழமை முழங்கால் நோ. மறுகிழமை தலையிடி. அதற்குப் பிறகு தொலைக்காட்சித் தொடரில் அன்றைக்குத்தான் யாரோ யாரையோ கண்டுபிடிக்கப்போகிறார்களாம். சாப்பாட்டிலும் ஒரு அகப்பைச் சோற்றோடு கையைக் கழுவினார். கேட்டால் பசிக்கவில்லை என்றார். தொலைபேசியில் பெரியம்மா "ஏனடி வாறேல்லை, கோவமோ?" என்று கேட்பதும் அம்மா "சீ, எனக்கென்ன கோவம்" என்பதும் எனக்குக் கேட்கும். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. ஆனால் என்னவென்று பிடிபடவும் இல்லை.

பிடிபட்டது காலி வீதியில். வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு ஃபார்மசியின் வாசலில் நிறை பார்க்கிற மெசின் வைத்திருப்பார்கள். அதில் அம்மா ஏறி நிற்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கைப்பையையும் குடையையும் ஃபார்மசிப் பெண்ணிடம் கொடுத்திருந்தார். குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். இறங்கினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறினார். கண்ணாடி இல்லாமல் இலக்கம் தெரியவில்லை. "எவ்வளவு எண்டு பாருங்கோ பிள்ளை" என்று அவளைக் கேட்டார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், "மெசின் வேலை செய்யுதோ எண்டு சும்மா பாத்தனான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம் வந்தது. பெரியம்மாவில் கோபம், காரில் கோபம், காரைப் பதித்தவரில் கோபம். வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கட வடிவுக் காரால எங்கட அம்மா பட்டினி கிடக்கிறா. அவ திரும்பக் கொட்டாஞ்சேனைக்குப் போகவேணும். அதுக்கு என்ன செய்வீங்களோ தெரியாது" என்றேன். அவர் மேசையில் கிடந்த கார்ச் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்காண்டி ஒண்டையும் கழட்ட வேண்டாம் தம்பி. உயர்த்தினா நான் திரும்ப ஏணி வைச்சுத்தான் ஏற வேணும். நான் ஏறாமல் விட்டாச் சரிதானே."

மறுநாள் காரைக் கிராண்ட்பாஸுக்குக் கொண்டுபோனோம். அங்கே இவருக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் மெக்கானிக் கராஜ் வைத்திருக்கிறார். எங்கள் வயதுதான், ஆனால் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. கதவுக்குள் நுழையும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய உடம்பு. வந்தவர்கள் பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை காரைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். நான் அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தேன்.

"அப்ப ஒங்கட உம்மா ஏறினா மட்டும் சத்தம். வேற ஆரு ஏறினாலும் இல்ல. அப்பிடித்தானே?"

"ஓம் நானா."

"அப்ப உம்மாவயில்லவா கூட்டி வந்தீக்கணும். காரை மட்டும் கொண்டு வந்தா நான் என்ன செய்ய?"

இருந்தாலும் காரைக் குழிக்கு மேலே ஏற்றிவிட்டு அடியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சினிலிருந்து முன் சில்லுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு, அதைத்தான் டிரைவ் ஷாஃப்ட் என்கிறார்கள். தண்டு முழுக்கக் கறுப்பு. ஒரு இடத்தில் மட்டும் சுற்றிவர ஒரு வளையம் வெள்ளி மாதிரி மின்னியது.

"காரை எறக்கினா இந்த ஷாஃப்ட் மேல ஏறும். எதிலயோ ஒரசுது. அதான் இந்த மினுக்கம்" என்றார் நானா. ஒன்றில் தண்டுக்கு மேலே இருக்கிற உடம்புச் சட்டத்தில் உரசவேண்டும், இல்லையென்றால் முன்னால் ஓடுகிற வளைந்த கம்பியில் உரசவேண்டும். இரண்டு முன் சில்லுகளையும் தொடுத்து வைத்திருக்கிற கம்பி அது. கார் நிற்கும்போது தண்டு இரண்டையும் தொடவில்லை. விரல் விடுகிற இடைவெளி இருந்தது. எதில், எப்போது என்று தெரிந்தால்தான் வேலை.

"வெள்ளையா எதயாவது பூசிப்போட்டு ஓடிப் பாக்கணும். எங்க அழியுதோ அங்கதான் ஒரசல். சோக் கட்டி ஒண்டு இருந்தா நல்லம்." நானா சட்டைப்பை, மேசை லாச்சி, அலுமாரிக்கு மேல் என்று எல்லா இடமும் தேடினார். சோக் கட்டி இல்லை.

நான் காரில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற லாச்சியைத் திறந்தேன். கோயிலில் ஐயர் கடதாசியில் மடித்துக் கொடுத்த திருநீற்றுச் சரைகள் பழைய வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதற்குள் கிடந்தன. "இது காணுமோ நானா?"

நானா கையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். "அது கோயில் சாமான் தங்கச்சி. இந்தக் கிரீஸ் கையால நான் தொடுறது சரியில்ல. நீங்களே பூசுங்கொ."

ஆகக் கணவர்தான் குழிக்குள் இறங்கினார். மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்தார். நான் மேலிருந்து திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தேன். கீழேயிருந்து குரல் வந்தது: "ஒரு குறியோ, மூண்டு குறியோ?"

"இதையும் கேக்கிறியளே. மூண்டு குறிதான்."

தண்டுக்கு மூன்று குறி, சட்டத்துக்கு மூன்று குறி, கம்பிக்கு மூன்று குறி. காய்ந்ததும் குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஆண்களில் ஒருவரும் இவ்வளவு பக்தியாக நின்று நான் கண்டதில்லை.

பிறகு நானா முன்சீட்டில் ஏறினார். கார் ஒரு பக்கம் பணிந்து அவரை வரவேற்றது. பாரம் போதாது என்று பக்கத்து டயர்க் கடைக்காரரையும் அவருடைய தம்பியையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். இரண்டு பேரும் டயர் தூக்கித் தூக்கி வளர்ந்த ஆட்கள். கணவர் ஓட்ட, கார் கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளைச் சுற்றி வந்தது. நான் கராஜ் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போகும்போதும் சத்தமில்லை, வரும்போதும் சத்தமில்லை. குழிக்கு மேல் ஏற்றிப் பார்த்தால், இப்போதுதான் குளித்துப் பூசிய மாதிரித் திருநீறு அப்படியே இருந்தது.

"காரில ஒண்டுமில்ல தங்கச்சி" என்றார் நானா.

"ஒண்டுமில்லாமலோ அந்த வளையம் மின்னுது?"

"மின்னுதுதான். ஆனா எங்களுக்குச் சத்தம் காட்டுதில்லயே."

"அப்ப எங்கட அம்மாவுக்கு மட்டும்தான் காட்டுமோ?" எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அது அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் கோபிக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆட நான் ரெடி தங்கச்சி. நீங்க மேடயக் கொண்டுவாங்கொ" என்றார். திருநீற்றைத் துடைக்கவேண்டாம், சத்தம் கேட்டவுடன் அடியில் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு நன்மை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "அம்மா, மூண்டு தடியன்கள் ஏறியும் கார் வாய் திறக்கேல்லை. உங்கட பாரத்துக்கும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவை ஆம்பிளையள். அவையின்ர பாரம் வேற, என்ர பாரம் வேற" என்றார். பாரத்தில் என்ன ஆண் பெண் என்று கேட்டேன். என்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டாதே என்றார். இதற்கு மேல் என்ன செய்வது? ஏறிப் பார்த்தால்தானே தெரியும். ஏறமாட்டேன் என்கிறவரை எப்படி ஏற்றுவது? கணவர் அந்தக் கிழமை முழுக்கக் காரில் பாட்டுக்கூடப் போடாமல் காதைக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வரமாட்டார் என்பது முடிவு. ஆனால் பெரியம்மாவுக்கு என்று மிளகாய்த்தூள் வறுத்து இடித்து ஒரு போத்தலில் அடைத்து வைத்திருந்தார். கோபம் இல்லை என்று காட்டுவதற்குத்தான். அதை நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். போத்தலின் மூடி சரியில்லை, காருக்குள் எப்படி வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதாம். அதனால் அம்மாவும் வீட்டுச்சட்டையோடு என்னோடு லிஃப்டில் இறங்கி வந்து, இவர் காரை எடுத்து வருமுன்னமே கேற்றடியில் சிலாப்பின் மேல் நின்றார். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கார் ஒழுங்கையில் வந்தது. அம்மா ஏறப்போவதில்லை என்று இவருக்குத் தெரியும். ஆனாலும் பழகின கை பழகின வேலையைச் செய்தது. அம்மா சிலாப்பில் நிற்கிறார், ஆகவே ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினார், இடப்பக்கத்துச் சில்லைச் சிலாப்பில் ஏற்றினார்.

கர்ர்ர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காரைப் பார்த்தார். இவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஏறேல்லையே" என்றார் அம்மா.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி நின்றோம். முதலில் உணர்வு வந்தது அம்மாவுக்குத்தான். போத்தலை என் கையில் தந்துவிட்டு, "தம்பி, பின்னால எடுத்துத் திரும்ப ஏத்துங்கோ" என்றார். ஏற்றினார். கர்ர்ர். "இன்னொருக்கா." கர்ர்ர். ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டியும் ஒரு லொறியும் வந்து நின்று ஹோர்ன் அடித்தன. அம்மா அவர்களைப் பார்த்து, பொறுங்கோ என்று கையைக் காட்டினார். பாட்டுக் கச்சேரியில் விரும்பின பாட்டைத் திரும்பப் பாடச்சொல்லிக் கேட்கிறவரின் முகம் அவருக்கு.

இவர் இறங்கி, கந்தோருக்குப் போட்ட சட்டையோடு சிலாப்பில் படுத்து, தொலைபேசி வெளிச்சத்தில் அடியில் பார்த்தார். சட்டத்தின் மூன்று குறியும் அப்படியே இருந்தன. வளைந்த கம்பியில் பூசினது மட்டும் துடைத்துவிட்ட மாதிரி அழிந்திருந்தது. தண்டின் மேல் அந்தத் திருநீறு ஒரு சாம்பல் வளையமாகச் சுற்றிக் கிடந்தது.

நின்ற இடத்தில் நின்றபடியே நானாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் விளங்கப்படுத்தினார். சில்லு முழுக்கத் திரும்பியிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் உயர ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு எழும்பும். பதித்த காரில் அது ஏற்கெனவே தண்டுக்குக் கிட்ட நிற்கிறது, புது ஸ்பிரிங்கும் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமர்ந்திருக்கும், ஆகவே போய்ப் பிடித்துவிடும். கம்பியைத் தாங்குகிற இரண்டு பக்கத்து இணைப்பையும் கட்டையாகப் போட்டால் கம்பி கீழே இறங்கிவிடும், ஸ்பிரிங்கில் கை வைக்கத் தேவையில்லை. அதுவரை சிலாப்பில் ஏற்றவேண்டாம் என்றார். அடுத்த கிழமை அவரே போட்டுத் தந்தார். அத்தோடு சத்தம் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதுவா பெரிது?

நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சத்தம் வந்த இடங்கள் எல்லாம் சிலாப்புகள். எங்கள் வாசல், பெரியம்மா வாசல். கந்தோரில் சிலாப் இல்லை, கிராண்ட்பாஸ் கராஜில் சிலாப் இல்லை. வீதி மேடுகளில் கோணலாக ஏறினாலும் ஸ்டியரிங்கை இப்படி முழுக்க வெட்டுவதில்லை. எனக்காக ஒருவரும் சிலாப்பில் ஏற்றினதும் இல்லை. அம்மா வருமுன்னமே இவர் தனியே எங்கள் வாசலில் ஏற்றும்போதெல்லாம் கார் அழுதுதான் இருக்கவேண்டும். இவருடைய பாட்டில் அது இவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் லிஃப்டில் இருந்தோம். அம்மாவைக் கண்டதும் பாட்டை நிற்பாட்டினார், ஆகவே அம்மா ஏறின பிறகு, கார் சிலாப்பிலிருந்து வெட்டி இறங்கும்போதுதான் அதே சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அம்மாவின் பாரத்தால் வந்த சத்தம் இல்லை. அம்மாவின் முழங்காலைப் பார்த்து இவர் செய்த மரியாதையால் வந்த சத்தம். இதைச் சொன்னபோது இவருடைய காது சிவந்துவிட்டது. எனக்கு அந்த மனிதரை நடு ஒழுங்கையில் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. லொறிக்காரர் விடவில்லை.

"பொறுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்றார் அம்மா.

இவர் காரைச் சிலாப்பிலிருந்து வீதிக்கு இறக்கி வைத்திருந்தார். கொட்டாஞ்சேனைக்கு வழி முழுக்க அம்மா முன்சீட்டில் கதைத்துக்கொண்டே வந்தார். ஒருக்காவும் சத்தம் வரவில்லை. கோயிலுக்குப் போய், பெரியம்மா வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினோம். பெரியம்மா கேற்றடியில் நின்றார்.

"தம்பி, இஞ்ச வீதியிலயே நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா. நானா சொன்னது ஞாபகம் இருக்கிறது போல என்று நினைத்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முழங்காலைப் பல்லைக் கடித்துத் தாங்கி, சிலாப்பில் ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு திரும்பி, "இப்ப ஏத்துங்கோ" என்றார்.

"மாமி, நானா வேண்டாம் எண்டவர்."

"ஒரே ஒருக்கா."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கார் வெட்டித் திரும்பிச் சிலாப்பில் ஏறியது. கர்ர்ர் என்றது, முன்னெப்போதையும்விட நன்றாக.

அம்மா காரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப ஆர் அக்கா உள்ளுக்க இருக்கினம்?"

பெரியம்மா குனிந்து காருக்குள் பார்த்தார். மருமகனைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் மெலிந்த மனிதர். பெரியம்மா கொஞ்ச நேரம் கேற்றின் கொண்டியைப் போட்டு எடுத்துக்கொண்டு நின்றார்.

"நான் சும்மா பகிடிக்கெல்லோடி சொன்னனான்."

"ஓம். நானும் சும்மாதான் வராமல் விட்டனான்."

பெரியம்மா மிளகாய்த்தூள் போத்தலை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அங்கே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அம்மா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.